கணிதமேதை இராமானுஜனும் ஒரு பெரிய எண்ணும்

6 746 328 388 800. இந்த எண்ணை நிதானமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆறு டிரில்லியன், எழுநூற்று நாற்பத்தாறு பில்லியன், முந்நூற்று இருபத்தெட்டு மில்லியன், முந்நூற்று எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இந்தியாவில் வழங்கும் முறைப்படி இதனையே 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800 என்று சொல்வார்கள். பார்ப்பதற்கு ஏதோ ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் வரும் தொகையைப் போல இருக்கிறது. உண்மையில், 1915ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் இறுதியாக இடம்பெற்ற எண் இது. அன்று கணினியும் இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் கணிப்பானும் இல்லை. அக்கட்டுரையை எழுதியவரோ, கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்று, பட்டம் எதுவும் பெறாமலே இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஒரு தமிழ் இளைஞர். அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

கும்பகோணத்துச் சிறுவன்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். குடும்பம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஓட்டு வீடு ஒன்றில் வாழ்ந்தது. வருவாய் குறைவு. அதனால், கல்லூரி மாணவர் சிலரை வீட்டில் தங்க வைத்து உணவளித்து, அதில் கிடைத்த பணத்தையும் சேர்த்தே செலவைச் சமாளித்தனர். இராமானுஜனுக்கு இரண்டு வயதானபோது பெரியம்மை கண்டது. பல குழந்தைகளைப் பலிகொண்ட அந்நோயிலிருந்து அவர் பிழைத்துக்கொண்டார்.

1897ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளித் தேர்வில் அவர் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கணக்குகளைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். விரைவிலேயே அவர்களுக்குத் தெரிந்தது தீர்ந்துபோனது. பிறகு, லோனி என்பவர் எழுதிய முக்கோணவியல் நூலை வாங்கிப் படித்துத் தாமாகவே கற்றுத் தேர்ந்தார்.

1903ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், கார் என்பவர் தொகுத்த ஒரு தடித்த கணித நூல் அவர் கையில் கிடைத்தது. ஏறக்குறைய 5000 கணித முடிவுகளை வரிசையாக அடுக்கித் தந்த நூல் அது. அதில் விளக்கங்கள் மிகக் குறைவு. சாதாரண மாணவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்திருப்பார். இராமானுஜனோ ஒவ்வொரு முடிவும் எப்படி வந்திருக்கும் என்று தாமே கண்டறிய முற்பட்டார். ஒன்றைக் கண்டறிந்தால் அதன் அருகிலேயே நூலில் இல்லாத புதிய முடிவுகளும் அவருக்குத் தென்பட்டன. அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். காகிதம் விலை அதிகம் என்பதால், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சிலேட்டுப் பலகையில் கணக்கிடுவார், முழங்கையால் அழிப்பார், இறுதி விடையை மட்டும் குறிப்பேட்டில் பதிவார். விடைகள் நிலைத்தன; அவற்றை அடைந்த வழிகள் சிலேட்டோடு அழிந்துபோயின. இந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்கு ஒரு சிக்கலாகவும் வந்து நின்றது.

வேலை தேடிய காலம்

1904ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்தபோது இராமானுஜனுக்குக் கணிதத்திற்கான பரிசு கிடைத்தது. உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் இடம் கிடைத்தது. ஆனால், கல்லூரியில் கணிதம் மட்டும் போதவில்லை. ஆங்கிலம், வரலாறு, உடலியல் முதலிய பாடங்களும் இருந்தன. மற்றப் பாட வேளைகளிலும் அவர் மனம் எண்களையே சுற்றிக்கொண்டிருந்தது. விளைவாக, அப்பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். அதனைத் தாங்க முடியாமல் 1905ஆம் ஆண்டு வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை சென்றுவிட்டுத் திரும்பினார். பின்னர்ச் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் அதே கதைதான். கணிதத்தில் வல்லவரான அவர், பிற பாடங்களால் 1906ஆம் ஆண்டிலும் 1907ஆம் ஆண்டிலும் தேர்வில் தோற்றார்.

1909ஆம் ஆண்டு அவருக்கும் ஜானகி அம்மாளுக்கும் திருமணம் நடந்தது. குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு வந்தது, பட்டமோ இல்லை. அவர் தம் குறிப்பேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, உதவக்கூடியவர்களை நாடிப் பல ஊர்களுக்கு அலைந்தார். 1910ஆம் ஆண்டு திருக்கோவிலூரில் அரசு அதிகாரியாக இருந்த வி. இராமசுவாமி ஐயரைச் சந்தித்து எழுத்தர் வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இத்தகைய அறிவை ஒரு சிற்றூர் அலுவலகத்தில் முடக்கக்கூடாது என்று கருதி, சென்னையிலிருந்த நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

அக்கடிதங்களின் வழியாக நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவ் அறிமுகமானார். முதலில் ஐயத்தோடு பேசிய அவர், இராமானுஜன் தம் கண்டுபிடிப்புகளைப் படிப்படியாக விளக்கியபின் மனம் மாறினார். இராமானுஜன் அவரிடம் செல்வம் கேட்கவில்லை. கவலையின்றிக் கணக்குப் போட அன்றாட உணவுக்கு வழி இருந்தால் போதும் என்றே வேண்டினார். இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

பிறர் தயவில் வாழ்வது அவருக்கு உறுத்தலாக இருந்தது. 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நம் முன்னோர் பலர் வந்து இறங்கிய அதே ஆண்டுகளில்தான், கடலின் மறுகரையில் இராமானுஜன் துறைமுகக் கணக்கேடுகளை எழுதிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். வேலை முடிந்த பிறகு இருவரும் சிலேட்டை எடுத்துக்கொண்டு கணக்குகளில் மூழ்குவார்கள்.

கடல் கடந்த கடிதம்

இராமானுஜனின் கண்டுபிடிப்புகளை மதிப்பிட வல்லவர்கள் அப்போது இங்கிலாந்தில் இருந்தனர். கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவருக்கு அவர் எழுதிப் பயன் கிடைக்கவில்லை. 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்கு எழுதினார். தாம் துறைமுகத்தில் பணிபுரியும் ஏழை எழுத்தர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, பல பக்கங்களில் தம் கணித முடிவுகளை இணைத்தனுப்பினார்.

முதலில் ஹார்டிக்கு அது யாரோ செய்யும் ஏமாற்று வேலையோ என்ற ஐயம் எழுந்தது. அன்று மாலை நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அந்தத் தாள்களை ஆராய்ந்தார். சில முடிவுகள் ஏற்கெனவே தெரிந்தவை, சில தவறானவை. ஆனால், வேறு சில அவர்கள் இருவரும் அதுவரை கண்டிராதவை. உயர்ந்த கணித அறிவில்லாத எவராலும் அவற்றைக் கற்பனை செய்துகூட எழுதியிருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தனர். ஹார்டி உடனே பதில் எழுதினார். அதில் ஒன்றை வற்புறுத்திக் கேட்டார்: முடிவுகளுக்கான நிறுவல்கள் வேண்டும். நிறுவல் என்றால், ஒரு கூற்று எப்போதும் உண்மை என்பதைப் படிப்படியாகக் காரணம் காட்டி மெய்ப்பிப்பது. சிலேட்டில் அழிந்துபோன வழிகளைத்தாம் ஹார்டி கேட்டார்.

அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். கடல் கடந்து செல்வது ஆசாரத்திற்கு மாறானது என்று நம்பிய குடும்பம் அவருடையது. தொடக்கத்தில் அவர் மறுத்தார். பின்னர்த் தாயாரின் இசைவு கிடைத்தது. 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறி, ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டனை அடைந்தார். நான்கு மாதங்களுக்குள் முதல் உலகப் போர் மூண்டது. லிட்டில்வுட் போர்ப் பணிக்குச் சென்றார். சைவ உணவு மட்டுமே உண்ட இராமானுஜனுக்கு வேண்டிய பொருள்கள் கிடைப்பது அரிதானது. குளிரும் தனிமையும் வாட்டின. தம் அறையில் தாமே சமைத்துக்கொண்டு, இரவெல்லாம் விழித்திருந்து ஆய்வு செய்தார். அந்தச் சூழலில் உருவானதுதான் நாம் தொடக்கத்தில் கண்ட எண் இடம்பெற்ற ஆய்வு.

எண்ணைக் கட்டும் செங்கற்கள்

அந்த ஆய்வைப் புரிந்துகொள்ளத் தொடக்கப்பள்ளியில் படித்த இரண்டு சொற்கள் போதும். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் 2, 3, 5, 7, 11 போன்றவை பகா எண்கள். 

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பள்ளி மண்டபத்தில் 59 நாற்காலிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றைச் சமமான வரிசைகளாக அடுக்க முயன்றால் ஒரே வரிசையில் 59 நாற்காலிகளைப் போடலாம். அல்லது ஒன்றன்பின் ஒன்றாக 59 வரிசைகள் போடலாம். வேறு வழியில்லை. இன்னும் ஒரு நாற்காலியைச் சேர்த்து 60 ஆக்கினால் நிலைமை மாறிவிடும். 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 என்று எத்தனையோ விதமாக வரிசைப்படுத்தலாம். 1, 60 ஆகியவற்றையும் சேர்த்தால் 60க்கு மொத்தம் 12 காரணிகள் உள்ளன. 60ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் கிடையாது.

இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகளைக் கொண்ட எண்களைத்தாம் இராமானுஜன் ஆராய்ந்தார். அவற்றை மிகு பகு எண்கள் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அவ்வரிசை நீளும். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், ஆண்டுக்கு 12 மாதம், வட்டத்திற்கு 360 பாகை ஆகிய நாம் அன்றாடம் பயன்படுத்தும் அளவுகள் இவ்வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். எளிதாகப் பங்கிட முடிவதே இவ்வெண்களின் சிறப்பு.

இராமானுஜன் இவ்வெண்களை வெறுமனே தேடிப் பட்டியலிடவில்லை. அவை எவ்வாறு கட்டப்பட்டுள்ளன என்று கேட்டார். வீடு செங்கற்களால் ஆனதுபோல ஒவ்வோர் எண்ணும் பகா எண்களின் பெருக்கலால் ஆனது. எடுத்துக்காட்டாக, 12 என்பது 2 × 2 × 3. அவர் கண்ட முதல் விதி இது: மிகு பகு எண்ணில் பகா எண்கள் இடைவெளியின்றி 2 முதல் வரிசையாக வரவேண்டும். 20 என்பது 2 × 2 × 5. இதில் 3 விடுபட்டுள்ளது. 5ஐ எடுத்துவிட்டு 3ஐ வைத்தால் 12 கிடைக்கும். 20, 12 ஆகிய இரண்டுக்கும் ஆறு ஆறு காரணிகளே. சிறிய எண்ணிலேயே அத்தனை காரணிகள் இருக்கும்போது 20க்கு அப்பட்டியலில் இடமில்லை.

இரண்டாம் விதி: சிறிய பகா எண் வரும் தடவைகள், அதைவிடப் பெரிய பகா எண் வரும் தடவைகளைவிடக் குறையக்கூடாது. 18 என்பது 2 × 3 × 3. இதில் 2 ஒருமுறையும் 3 இருமுறையும் வருகின்றன. அவற்றை மாற்றி 2 × 2 × 3 என்று வைத்தால் மீண்டும் 12தான் கிடைக்கும். காரணிகளும் அதே ஆறுதான். ஆகவே, 18க்கும் இடமில்லை. மூன்றாம் விதி: 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா மிகு பகு எண்களிலும் இறுதியாக வரும் பகா எண் ஒரே ஒருமுறைதான் இடம்பெறும்.

இப்போது 6 746 328 388 800ஐப் பிரித்துப் பார்ப்போம். அதில் 2 ஆறுமுறை, 3 நான்குமுறை, 5 இருமுறை, 7 இருமுறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொருமுறை வருகின்றன. இவற்றையெல்லாம் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். மூன்று விதிகளும் அப்படியே பொருந்துகின்றன. அதன் காரணிகள் எத்தனை என்று அறியவும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அத்துடன் ஒன்றைக் கூட்டி, கிடைப்பவற்றைப் பெருக்க வேண்டும். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10 080. அதாவது, அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் பத்தாயிரத்து எண்பது. 1 முதல் 28 வரையுள்ள எந்த எண்ணாலும் அதனை மீதியின்றி வகுக்கலாம். அதைவிடச் சிறிய எந்த எண்ணும் 10 080 காரணிகளைப் பெற்றிருக்கவில்லை. பதின்மூன்று இலக்கங்களைக் கொண்டு மலைக்க வைத்த எண், ஒன்பது சிறிய பகா எண்களாக நம் கைக்குள் அடங்கிவிடுகிறது.

விடுபட்ட ஓர் எண்

இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் 60 பக்கங்களுக்கும் மேலாக வந்த அக்கட்டுரை, நூற்றுக்கும் மேற்பட்ட மிகு பகு எண்களை அட்டவணையாகத் தந்தது. இம்முறை இராமானுஜன் முடிவுகளை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை. ஹார்டி எதிர்பார்த்தவாறு நிறுவல்களையும் எழுதினார். அவ்வாய்வுக்காகவே 1916ஆம் ஆண்டு மார்ச் மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கைநழுவிய பட்டம், பிற பாடங்களுக்காக அன்றி, ஆய்வுக்காகவே அவரைத் தேடி வந்தது.

பின்னாளில் அவ்வட்டவணையைச் சரிபார்த்தவர்கள் அதில் ஓர் எண் விடுபட்டிருப்பதைக் கண்டனர். அந்த எண் 293 318 625 600. அதனைப் பிரித்தால் 2 ஆறுமுறை, 3 நான்குமுறை, 5 இருமுறை, 7 இருமுறை, பிறகு 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொருமுறை வரும். அதன் காரணிகள் 5 040. அதனை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையின் இறுதி எண்ணாகிய 6 746 328 388 800 கிடைக்கும். பெருக்கித் தொகுத்த எண்ணற்ற எண்களுக்கிடையே, இறுதி எண்ணின் மிக நெருங்கிய உறவு ஒன்று கண்ணில் படாமல் போய்விட்டது.

இந்தக் குறை இராமானுஜனின் ஆய்வைச் சிதைக்கவில்லை. ஏனெனில், விடுபட்ட எண்ணும் அவர் நிறுவிய விதிகளுக்கு முற்றிலும் அடங்கியே நிற்கிறது. அட்டவணை கையால் போட்ட கணக்கு. அதில் சறுக்கல் நேரலாம். விதிகளோ காரணம் காட்டி நிறுவப்பட்டவை. அவை நூறாண்டுக்குப் பின்னும் நிலைத்திருக்கின்றன. ஒரு மேதை சொன்னார் என்பதற்காக எவரும் அட்டவணையைச் சரிபார்க்காமல் விட்டுவிடவில்லை. சரிபார்த்ததால் அவர் புகழ் குறையவும் இல்லை. நிறுவலைக் கேட்டு ஹார்டி பிடிவாதமாக நின்றதன் பொருள் இங்கு விளங்குகிறது.

அக்கட்டுரைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. போர்க்காலத்தில் கணிதக் கழகத்திற்குப் பண நெருக்கடி ஏற்பட்டதால் இராமானுஜனின் ஆய்வு முழுவதும் அச்சேறவில்லை. அதன் எஞ்சிய பகுதி கையெழுத்துத் தாள்களிலேயே தங்கிவிட்டது. 1997ஆம் ஆண்டுதான் பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவரின் குறிப்புகளுடன் அது வெளியிடப்பட்டது.

இறுதி நாள்கள்

ஓய்வில்லாத உழைப்பும் ஒத்துவராத உணவும் குளிரும் சேர்ந்து 1917ஆம் ஆண்டு இராமானுஜனை நோயில் தள்ளின. காசநோய் என்று கருதிய மருத்துவர்கள் அவரைப் பல மருத்துவ இல்லங்களில் தங்க வைத்துச் சிகிச்சை அளித்தனர். அந்நிலையிலும் பெருமைகள் தேடி வந்தன. 1918ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்வுபெற்ற முதல் இந்தியர் என்ற சிறப்பையும் அடைந்தார்.

நோயுற்றிருந்த அவரைப் பார்க்க ஒருநாள் ஹார்டி வாடகை வண்டியில் வந்தார். வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றியது என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுதான் என்றார். 1இன் கனத்தையும் 12இன் கனத்தையும் கூட்டினாலும் 1729. 9இன் கனத்தையும் 10இன் கனத்தையும் கூட்டினாலும் 1729. காரணிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் 1729க்கு எட்டே காரணிகள். அதைவிடச் சிறிய 1680க்கோ 40 காரணிகள் உண்டு. ஓர் அளவுகோலில் பின்தங்கிய எண், இன்னோர் அளவுகோலில் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறது. ஒவ்வோர் எண்ணின் தனித்தன்மையையும் இராமானுஜன் அறிந்து வைத்திருந்தார்.

1919ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பினார். ஜானகி அம்மாள் உடனிருந்து அவரைக் கவனித்துக்கொண்டார். உடல் மெலிந்து படுக்கையில் கிடந்தபோதும் அவர் தாள்களில் எழுதுவதை நிறுத்தவில்லை. 1920ஆம் ஆண்டு ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தாம் புதிதாகக் கண்ட ஒருவகைச் சார்புகளைப் பற்றித் தெரிவித்தார். ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 32. இளவயதிலேயே கணவரை இழந்த ஜானகி அம்மாள், தையல் தொழில் செய்து வாழ்ந்து, 1994ஆம் ஆண்டு மறைந்தார்.

இராமானுஜன் இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் நெடுங்காலம் எவர் கவனத்திற்கும் வராமல் இருந்தன. 1976ஆம் ஆண்டு அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். அவற்றிலிருந்த முடிவுகளுக்கு நிறுவல் காணக் கணித அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்தனர். இராமானுஜனின் பிறந்த நாளாகிய டிசம்பர் 22ஆம் நாளை இந்தியா தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறது.

தேர்வில் தோற்ற இராமானுஜனை ஒரு குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தே திருக்கோவிலூர் அதிகாரி ஒருவர் அடையாளம் கண்டார். சில தாள்களைப் பொறுமையாகப் படித்தே ஹார்டியும் அடையாளம் கண்டார். இராமானுஜனும் எண்களை அவ்வாறே பார்த்தார். பெரியது என்று மலைக்காமல், சிறியது என்று தள்ளாமல், உள்ளே இருப்பதைப் பிரித்தறிந்தார். அவருடைய அட்டவணையில் விடுபட்ட எண்ணை நீங்களும் ஒரு தாளில் பகா எண்களாகப் பிரித்துப் பாருங்கள். 2ஆல் ஆறுமுறை வகுத்துத் தொடங்கினால் போதும். பென்சிலும் சிறிது நேரமும் இருந்தால், 5 040 காரணிகள் உண்டு என்பதை நீங்களே மெய்ப்பித்துவிடலாம்.